நமத்த மருந்தும் பொருந்தாத குண்டும்

தேர்தல் தேதியை அறிவித்துவிட்டார்கள் என்றால், கட்சிக்காரர்களுக்கு வேலை தொடங்கும் முன்பே ஆயுதப்படை ஆர்மரருக்கு வேலை தொடங்கிவிடும். நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் உரிமம் உள்ள துப்பாக்கிகளையெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். டவுன்காரர்கள் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கியை உறையோடு கொண்டுவந்து கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு போவார்கள். அவற்றால் தொல்லை இல்லை. மடக்கித் திறந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

தொல்லையெல்லாம் கோணிச் சாக்கில் சுற்றி மலையிலிருந்து இறங்கி வரும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கிகளால்தான். வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, தக்கை வைத்து, ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டிக்கிற துப்பாக்கி. உள்ளே என்ன இருக்கிறது என்பது ஆண்டவனுக்கும் கடைசியாகக் கெட்டித்தவனுக்கும் மட்டும்தான் தெரியும். கெட்டித்தவனுக்கே மறந்துபோயிருப்பதும் உண்டு.

ஓய்வு பெற்று நெமிலியோடு வந்துவிட்ட பிறகு நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் 303 ரைஃபிளைப் பற்றி, 410 மஸ்கட்டைப் பற்றி. அவற்றில் சொல்ல அதிகமில்லை. தொழிற்சாலையிலிருந்து தோட்டா வரும், ஒன்று போலவே இன்னொன்று இருக்கும், சுட்டால் சுடும். நாட்டுத் துப்பாக்கி அப்படியில்லை. நூறு பேர் கூடித் தொழிற்சாலையில் செய்கிற வேலையை ஒரே ஒரு விவசாயி திண்ணையில் உட்கார்ந்து செய்கிறார். ஈயம் உருக்குவது அவர், குண்டு வார்ப்பது அவர், மருந்தை அளப்பது அவர், கெட்டிப்பதும் அவர். பிறகு சுடவில்லை என்றாலும் குறி தப்பினாலும் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டியவரும் அவரே. என் தொழிலில் நான் படித்ததில் பாதி, அப்படிப்பட்ட மனிதர்களோடு உட்கார்ந்து கோளாறு தேடியபோது படித்தது.

சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தருவதைத் தனியாகவே சொல்கிறது. ஆனால் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, கையில் துப்பாக்கி உரிமம் இருக்கிறது என்பதற்காகக் காட்டுப்பன்றியைச் சுட்டுவிட முடியாது. அதற்கு வனத்துறை அனுமதி தனி. ஆகவே பெரும்பாலும் சத்தம் போட்டு விரட்டத்தான் துப்பாக்கி. ஏர் உழுதவனிடம் இதைச் சொன்னால் தலையாட்டுவான். ராத்திரி கொல்லையில் பத்துப் பன்றி இறங்கினால் அவன் மனதில் என்ன ஓடும் என்பது வேறு விஷயம்.

1996-இல் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் சேர்ந்தாற்போல் தேர்தல் வந்தது. அப்போது வேலூரிலிருந்து திருப்பத்தூர் வரைக்கும் ஒரே மாவட்டம். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அறுபது வயதிருக்கும். கூட மகன். துப்பாக்கியை ஒரு தோல் உறையில் போட்டு, அதன்மேல் சாக்கைச் சுற்றியிருந்தார்.

"குண்டு இருக்கா உள்ள?"

"இல்லீங்க ஏட்டையா. தையிலேயே வெறுமன பண்ணியாச்சு."

மகன் ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்தத் துப்பாக்கியில் குண்டு இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான். கெட்டிக்கும் கம்பியை வாய் வழியாக அடி வரைக்கும் விட வேண்டும். வாயோடு சமமாக இருக்கிற இடத்தில் விரலால் பிடித்துக்கொண்டு கம்பியை உருவி, குழலுக்கு வெளியே ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். கேப்பு மாட்டுகிற நிப்பிள் இருக்கும் இடம் வரைக்கும் கம்பி எட்டினால் குழல் வெறுமை. நாலு விரல் குறைந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. இதைச் செய்யும்போது வாய்க்கு நேராக முகத்தையோ உள்ளங்கையையோ வைக்கக் கூடாது. கம்பியை இரண்டு விரலால் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும்.

பெரியவர் துப்பாக்கியில் கம்பி ஏறக்குறைய ஒரு சாண் குறைந்தது.

ஒரு சாண் என்றால் ஒரு கெட்டு இல்லை. இரண்டு. நான் மகனைப் பார்த்தேன். அவன் மெதுவாகச் சொன்னான்: மாசியில் ஒரு ராத்திரி பன்றி சத்தம் கேட்டு எழுந்தானாம். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். துப்பாக்கி வெறுமனே இருக்கிறது என்று நினைத்து மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டித்தான். கேப்பு வெடித்தது, துப்பாக்கி சுடவில்லை. பன்றி போய்விட்டது. அவனும் போய்ப் படுத்துவிட்டான். ஆனால் அவன் போட்டதற்கு அடியில் அப்பா தையில் கெட்டித்து, பிடிக்காமல் போன மருந்தும் குண்டும் அப்படியே இருந்திருக்கின்றன. வெறுமையாக்கிவிட்டோம் என்று பெரியவர் நம்பிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

பெரியவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். மகனைத் திட்டவில்லை. அவர் தம்பியின் கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

குழலை வாய் மேலாக நிறுத்தி, தண்ணீரை ஊற்றி நிரப்பி, ஒரு பகல் முழுவதும் ஊற வைத்தேன். மருந்து நனைந்து சேறானால்தான் பயம் விடும். பிறகு கம்பி முனையில் திருகு மாட்டி, ஈயத்தில் ஏற்றி, ஒவ்வொன்றாக இழுத்தேன். முதல் குண்டு, கந்தல் தக்கை, மருந்துச் சேறு. மறுபடியும் குண்டு, தக்கை, சேறு.

இது ஏதோ மலைக்காட்டு அறியாமை என்று நினைக்க வேண்டாம். 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் என்ற இடத்தில் சண்டை முடிந்ததும், களத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கி எண்ணினார்கள். 27,000-க்கும் மேல். அவற்றில் சுமார் 24,000 துப்பாக்கிகளில் குண்டு அப்படியே இருந்தது. ஏறக்குறைய 12,000-இல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கெட்டு. ஒரே ஒரு துப்பாக்கியில் 23 கெட்டு இருந்ததாகக் கணக்கு. பயிற்சி பெற்ற சிப்பாய்கள் அவர்கள். சுற்றிலும் வெடிச் சத்தம். தன் துப்பாக்கி சுட்டதா இல்லையா என்று அவனுக்கே தெரியாமல் மறுபடி மறுபடி கெட்டித்திருக்கிறான். துப்பாக்கி சுடாமல் போவது அபாயமில்லை. சுட்டுவிட்டது என்றோ, வெறுமை என்றோ நினைத்துக்கொள்வதில்தான் அபாயம்.

சரி, ஏன் சுடவில்லை? பெரியவரிடம் கேட்டேன்.

"இது மார்கழி, தை, மாசி வரைக்கும் பேசாதுங்க. பங்குனி பொறந்தா தானா பேசும். மருந்து நமத்துப் போவுதுன்னு வெயில்ல காய வெச்சுப் பாத்தாச்சு. புது மருந்து வாங்கியும் பாத்தாச்சு."

நமத்த மருந்துதான் எல்லோரும் முதலில் சொல்கிற காரணம். அது பொய்யுமில்லை. கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது. சுத்தமான வெடியுப்பு அவ்வளவு சுலபமாக ஈரம் வாங்காது. அதில் வேறு உப்புகள் கலந்திருந்தால்தான் மழைக்காலத்து அப்பளம் மாதிரி ஆகிவிடும். அதைவிடப் பெரிய ஈரக்காரன், சுட்ட பிறகு குழலில் மிஞ்சுகிற கசடு. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையாகப் போகாமல் சாம்பலும் உப்புமாகத் தங்கிவிடும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நேற்றுச் சுட்டுவிட்டுக் கழுவாமல் வைத்த குழலில் இன்று புது மருந்தைக் கொட்டினால், ஈரச் சுவரில் கொட்டின மாதிரிதான். மருந்தைக் காய வைக்கிறேன் என்று அடுப்புப் பக்கம் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத வேண்டுமானால் அது தனி அத்தியாயம், படிக்கச் சுகமாக இருக்காது.

ஆனால் மருந்தைக் குறை சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "கேப்பு வெடிக்குதா?"

"வெடிக்குதுங்க. டப்புன்னு கேக்குது. உள்ளதான் பிடிக்கல."

இந்த ஒரு பதிலில் பாதி வேலை முடிந்தது. கேப்பே வெடிக்கவில்லை என்றால் ஒரு வழி: குதிரையின் வில் தளர்ந்திருக்கும், அல்லது கேப்பு நிப்பிளின் மேல் முழுதாக உட்கார்ந்திருக்காது. முதல் அடி கேப்பைக் கீழே தள்ளி உட்கார வைப்பதோடு சரி, இரண்டாவது அடிக்கு வெடிக்கும். இரண்டாவது அடிக்கு வெடிக்கிற துப்பாக்கி எல்லாவற்றிலும் இதைத்தான் முதலில் பார்ப்பேன். தீபாவளிக் கடையில் கிடைக்கிற பொம்மைத் துப்பாக்கிக் கேப்பை வைத்துச் சமாளிக்கிறவர்கள் நிப்பிளில் இன்னொரு வினையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அது வெடித்து மிஞ்சுகிற உப்பு ஒரே மழைக்காலத்தில் இரும்பைத் தின்றுவிடும்.

கேப்பு வெடித்து, மருந்து பிடிக்கவில்லை என்றால் வழியில் அடைப்பு. கேப்பின் தீ நிப்பிளின் ஊசித் துளை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

"சுட்டுத் துடைச்ச பிறகு குழலுக்கு என்ன எண்ணெய் போடுவீங்க?"

"தேங்காயெண்ணெய்தாங்க. நெறையவே ஊத்துவேன். துரு புடிக்கக் கூடாதுல்ல?"

மார்கழி மாதத்தில் எங்கள் வீட்டில் காலையில் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமென்றால் பாட்டிலை வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். கீழே வேலூரிலேயே இப்படி என்றால் மலையில் சொல்ல வேண்டியதில்லை. தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். நிப்பிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துளை தெரியவில்லை. ஊசியால் குத்தியபோது கரியும் பிசுக்கும் கலந்து மெழுகு மாதிரி ஒரு திரி வெளியே வந்தது. பங்குனி வெயிலில் உருகி வழிவிடும். பனி வந்ததும் மறுபடி கதவைச் சாத்திக்கொள்ளும். பெரியவருக்குச் சாமை அறுப்பு முடியும்வரை துப்பாக்கி வேண்டியது அந்தப் பனிக்காலத்தில்தான்.

கேப்பைக் கண்டுபிடிக்கக் காரணமானவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவர், அலெக்சாண்டர் ஃபோர்சித். அதற்கு முந்திய சக்கிமுக்கித் துப்பாக்கியில் வெளியே தீ பளிச்சிட்டதும் வாத்துகள் பார்த்துவிட்டுப் பறந்துவிடுகின்றன என்பது அவர் குறை. தட்டினாலே தீப்பிடிக்கிற மருந்தைக் கொண்டு ஒரு பூட்டுச் செய்து 1807-இல் காப்புரிமை வாங்கினார். செப்புக் கேப்பு அதிலிருந்து கிளைத்ததுதான். மழையையும் காற்றையும் அவர் கணக்கில் எடுத்தார். தேங்காயெண்ணெயை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

பெரியவருக்கு நான் சொன்னது இதுதான். சுட்ட அன்றைக்கே கொதிநீர் விட்டுக் கழுவு. காய்ந்ததும் மெல்லிசாக மெஷின் எண்ணெய் தடவு, ஊற்றாதே. கெட்டிப்பதற்கு முன் அந்த எண்ணெயையும் துணியால் துடைத்து எடு. பிறகு வெறும் குழலில் ஒரு கேப்பு மட்டும் வைத்து, வாய்க்கு எதிரே தரையில் ஒரு காய்ந்த இலையைப் போட்டுச் சுடு. இலை அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையவில்லை என்றால் கெட்டிக்காதே. கெட்டித்துச் சுட்டும் பிடிக்கவில்லை என்றால், குழலை வெட்டவெளிப் பக்கம் பிடித்தபடியே முழுதாக ஒரு நிமிடம் நில்; உள்ளே புகைந்துகொண்டிருந்து பிறகு வெடிப்பது உண்டு. எட்டிப் பார்க்கிறவனுக்குத்தான் அது வெடிக்கும்.

பிடிக்காத கதை இத்தோடு முடிந்தது. ஆனால் பெரியவருக்கு இன்னொரு குறையும் இருந்தது. பங்குனியில் பேசுகிறபோதும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லையாம். "தென்னை மரத்தை நோக்கிச் சுட்டா பனை மரத்துல படுது." அதனால் கொஞ்சம் மருந்தைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். அப்போதும் அப்படியே. இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

எனக்குப் பயம் வந்தது இங்கேதான். குறி தப்பினால் மருந்தைக் கூட்டுவது நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம். குண்டுக்கு வேகம் போதவில்லை, அதனால்தான் ஓடித் தப்புகிறது என்று ஒரு நினைப்பு. கொல்லன் பட்டறையில் செய்த குழலுக்கு அளவும் கிடையாது, சோதனையும் கிடையாது. எவ்வளவு தாங்கும் என்பது அது கிழியும்போதுதான் தெரியும்.

வெளியே எடுத்த இரண்டு குண்டுகளும் மேசைமேல் இருந்தன. திருகு ஏறாத பக்கமாக வைத்து வெர்னியரில் அளந்தேன். பிறகு குழல் வாயை அளந்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் மேலே வித்தியாசம். குண்டு குழலுக்குள் கோலி மாதிரி உருண்டுகொண்டு போயிருக்கிறது. சுடும்போது சுவரில் அங்கே முட்டி, இங்கே முட்டி, கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அதற்கு எதிர்ப்பக்கம் பறக்கும். மருந்தைக் கூட்டினால் இன்னும் வேகமாக முட்டும், அவ்வளவுதான்.

கம்பெனிச் சிப்பாய்கள் சுமந்த மஸ்கட்டிலும் இதே கதை. குழல் முக்கால் அங்குலம், குண்டு 0.69 அங்குலம். அங்கே வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். கசடு பிடித்த குழலிலும் சண்டை நடுவே சடசடவென்று குண்டு இறங்க வேண்டும், வரிசையாக நிற்கிற கூட்டத்தைச் சுடுவதற்குக் குறி பெரிதாகத் தேவையில்லை. தனி ஆள் ஒரே குண்டை ஒரே இடத்தில் போட வேண்டுமானால் குண்டு குழலுக்குச் சற்றே சிறிதாக இருக்க வேண்டும், மிச்ச இடைவெளியை எண்ணெய் தோய்த்த துணியோ மெல்லிய தோலோ சுற்றி அடைக்க வேண்டும்.

"இந்த அச்சு உங்க துப்பாக்கியோடதா?"

அப்போதுதான் தம்பி கதை வந்தது. துப்பாக்கி அப்பாவுடையது. கூடவே குண்டு வார்க்கும் அச்சும் இருந்தது, அந்தக் குழலுக்கென்றே செய்தது. பாகம் பிரிக்கும்போது உரிமம் அண்ணன் பேருக்கு மாறியதால் துப்பாக்கி அண்ணனுக்கு வந்தது. தம்பி அச்சை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் இளவயதில் சித்தப்பா வீட்டுத் துப்பாக்கியில், பிடிக்காமல் கிடந்த கெட்டின்மேல் இன்னொரு கெட்டு போட்டுச் சுட்டவன். குழல் அடியில் கிழிந்தது. இடது கையில் இரண்டு விரல் போயிற்று, ஒரு கண் மங்கிற்று. "அச்சு என்கிட்ட இருந்தா எவனும் குண்டு ஊத்த மாட்டான்" என்பது அவன் கணக்கு. அண்ணன் வேறு ஊரிலிருந்து வேறு அச்சு வாங்கிக்கொண்டார். அது சின்னது. தம்பியிடம் பேச்சுவார்த்தை நின்று ஆறேழு வருடம்.

"அந்த அச்சு இல்லாம இது சரிப்படாது" என்றேன். பெரியவர் பதில் சொல்லவில்லை.

துப்பாக்கியின் உள்சுவரையும் பார்த்தேன். வாயருகே அம்மைத் தழும்பு மாதிரி துரு. காரணம் அந்தத் தோல் உறை. ஆம்பூரில் வேலை செய்யும் சொந்தக்காரர் யாரோ ஆசையாகத் தைத்துக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் தோலுக்குப் பஞ்சமில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் தோல் ஷாப் வாசனைதான். அதனால் எங்கள் மாவட்டத்துத் துப்பாக்கிகளில் பாதி தோல் உறைக்குள் தூங்கும். தோளில் மாட்டிக்கொண்டு நடக்க அது நல்லது, வருடக்கணக்கில் உள்ளே வைத்துப் பூட்ட ஆகாது. பதனிட்ட தோலில் உப்பும் புளிப்பும் மிச்சமிருக்கும், ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்புக்கு அது மெல்லச் சாவு. தோலுக்கும் துப்பாக்கிக்கும் எங்கள் ஊரில் ராசி போதாது என்று நாங்கள் கிடங்கில் வேடிக்கையாகச் சொல்வோம். 1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, புதுத் தலைப்பாகையில் வைக்கச் சொன்ன தோல் குஞ்சம்தானே. பெரியவருக்குச் சொன்னது: பருத்தித் துணி உறை, சுவரில் வாய் கீழ்நோக்கி மாட்டு.

தேர்தல் முடிந்தது, துப்பாக்கிகள் திரும்பிப் போயின. அடுத்த தை மாதம் நாலு நாள் விடுப்பில் இருந்தபோது பெரியவர் ஆள் அனுப்பினார். பொங்கல் கழிந்து மலைக்குப் போனேன்.

திண்ணையில் தம்பி உட்கார்ந்திருந்தார். முன்னால் அச்சு இருந்தது. பாக்குவெட்டி மாதிரி இரண்டு கை, நடுவில் ஒற்றைக் குழி. அவர்தான் குண்டு ஊற்றினார், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அதைப் பார்க்க வேண்டும். இருக்கிற விரல்களிலேயே கரண்டியைப் பிடித்து, வெட்டவெளியில், காற்று முதுகுப் பக்கம் வரும்படி உட்கார்ந்து, பிள்ளைகளை எட்ட விரட்டிவிட்டு. ஈயம் 327 டிகிரியில் உருகும், ஆனால் உருகியவுடனே ஊற்றினால் குண்டு நன்றாக வராது. அச்சு சூடேறும்வரை முதல் ஐந்தாறு குண்டுகளில் கிழவி முகம் மாதிரி சுருக்கம் விழும். அவற்றைத் திரும்பச் சட்டியில் போட்டார். பழைய டெலிபோன் கேபிளின் ஈய உறையும் மீன் வலை ஈயமும்தான் எடுத்தார். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். பேட்டரித் தகட்டை எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. அதன் புகை நஞ்சு. ஒரு சொட்டுத் தண்ணீர் சட்டியில் விழுந்தாலும் ஈயம் முகத்துக்குத் தெறிக்கும் என்பதால் பக்கத்தில் சொம்புகூட இல்லை.

நான் கொண்டுபோயிருந்த நகைக்கடைத் தராசில் இருபது குண்டையும் நிறுத்துப் பார்த்தோம். நாலு குண்டு எடை குறைந்தன. வெளியே பார்க்க வழவழவென்றுதான் இருந்தன. உள்ளே காற்றுக் குழி. அப்படிப்பட்ட குண்டு ஒருபக்கம் கனத்து, பம்பரம் தள்ளாடுகிற மாதிரி போகும். அவற்றையும் சட்டியில் போட்டார்.

பிறகு பெரியவர் தன் சொந்தக் கொல்லையில், பின்னால் மண்மேடு இருக்கிற இடமாகப் பார்த்து, பலகை நிறுத்திச் சுட்டார். முப்பது தப்படி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றினோம். முதலில் பழைய சின்னக் குண்டு, மூன்று முறை. மூன்றும் ஒரு முறம் அகலத்துக்குச் சிதறின. ஒரு குண்டு பலகையிலேயே படவில்லை. அடுத்து அப்பா அச்சுக் குண்டு, எண்ணெய்த் துணி சுற்றி, மருந்து அப்பா காலத்து அளவு, அதாவது பெரியவர் கூட்டியதையெல்லாம் குறைத்துவிட்டு. ஒவ்வொரு சூட்டுக்கும் நடுவே ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி. மூன்றும் ஒரு சாணுக்குள் விழுந்தன. வரிப்பள்ளம் இல்லாத குழலில் இதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. காலைப் பனி இன்னும் இருந்தது, ஆறு முறையும் துப்பாக்கி பேசிற்று.

பெரியவர் பலகையைத் தடவித் தடவிப் பார்த்தார். "இவ்ளோ மருந்து வீணாக்கிகினு இருந்தேனே" என்றார். தம்பி பலகைப் பக்கமே போகவில்லை. கெட்டிக்கும் கம்பியைக் கையில் எடுத்து, வெறும் குழலில் விட்டு, வாயோடு சமமாக ஒரு இடத்தில் அரத்தால் வெட்டுப் போட்டார். பிறகு ஒரு கெட்டு போடச் சொல்லி, மறுபடி விட்டு, இன்னொரு வெட்டு. மகனைக் கூப்பிட்டார்.

"கீழ் வெட்டுக்கு மேல கம்பி நிக்குதா, தொடாத. அண்ணனையோ என்னையோ கூப்பிடு. ராத்திரின்னாலும் கூப்பிடு."

மகன் இரண்டு வெட்டையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டான். இருட்டில் தெரிய வேண்டும் அல்லவா.

பெரியவர் சில வருடங்களுக்குப் பிறகு உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கேப்பு கிடைப்பதும் அரிதாகிவிட்டது, கண்ணும் போதவில்லை. இப்போது அந்தப் பக்கம் போனால் கொல்லையைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கயிற்றில் கட்டியிருக்கிறார்கள். பன்றி கலர் பார்த்து மிரளுகிறது என்கிறார்கள், மனித வாடை என்கிறார்கள். பாதி நாள் பலிக்கிறதாம்.